செங்கக் கணவாயும் அயலரசு நட்பும்

திருவண்ணாமலையில் இரமணாசிரமத்தின் வாயிலை ஒட்டிச் செல்லும் நெடுவழிக்குச் செங்கம் சாலை என்று பெயர். மலைவலம் வருவோரும் ஆசிரமத்தைக் காண வருவோரும் நாள்தோறும் அவ்வழியே நடக்கின்றனர். அமைதி நாடுவோர் மிகுதியும் வழங்கும் அச்சாலை ஒரு காலத்தில் படைகள் நடந்த பெருவழியாயிருந்தது என்பதை நினைப்பவர் சிலரே. மேற்கே சென்றால் அது செங்கத்தை அடையும். அதற்கப்பால் வடக்கே சவ்வாது மலையும் தெற்கே தென்மலைத் தொடரும் நிற்க, இடையே கணவாய் திறந்து சிங்காரப்பேட்டைக்கு வழிவிடுகின்றது. அங்கிருந்து பாராமகால் என்று வழங்கிய கிருட்டிணகிரி, தருமபுரி நாடுகளும், அவற்றின் மேல் மைசூர்ப் பீடபூமியும் தொடங்குகின்றன. ஆதலின் பதினெட்டாம் நூற்றாண்டில் மைசூரரசும் ஆர்க்காட்டு நவாபின் கருநாடகமும் ஒன்றையொன்று அணுகுதற்குரிய வாயில்களுள் இக்கணவாய் தலைமை பெற்றது.

தமக்குள் பகை வாய்ந்த இரண்டு அரசுகள் அடுத்தடுத்து அமைந்துவிட்டால், அவற்றின் உறவை எங்ஙனம் நடத்துவது என்பது அரசியல் நூலோர் என்றும் ஆராய்ந்துவரும் வினாவாகும். நண்பரைத் தேடிக் கொள்ளலாம். அயலாரைத் தேடிக்கொள்ள முடியாது. மலையும் ஆறும் எங்கே நிறுத்தினவோ அங்கேயே இருவரும் நின்றாக வேண்டும். இவ்வினாவை நாம் ஏட்டளவில் ஆராயாமல், நம் கண்ணெதிரே கிடக்கும் செங்கம் சாலையில் நிகழ்ந்த வரலாற்றைக் கொண்டு ஆராய்வோமாக.

பகையின் தோற்றம்

மைசூருக்கும் ஆர்க்காட்டிற்கும் மூண்ட பகைக்கு வித்து ஒரு வாக்குறுதியேயாகும். ஆர்க்காட்டு நவாப் பதவிக்கு முகம்மது அலியும் சந்தா சாகிபும் போராடிய காலத்தில், முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையுள் முற்றுகையிடப்பட்டிருந்தார். அவர் மைசூர்த் தளவாய் நஞ்சராஜரிடம் துணை வேண்டினார். துணை செய்தால் திருச்சிராப்பள்ளியையே தருவதாகச் சொல்லிக் கொடுத்தார். மைசூர்ப் படை வந்தது. 1752-ம் ஆண்டு சந்தா சாகிபு கொல்லப்பட்டார். அபாயம் நீங்கியவுடன் நவாப் தம் சொல்லைக் காத்திலர். திருச்சிராப்பள்ளி மைசூருக்குக் கிட்டிற்றிலது. அந்தப் படையில் பணிபுரிந்த தலைவருள் ஹைதர் அலியும் ஒருவர். அவர் 1761-ம் ஆண்டளவில் மைசூரின் ஆட்சியைத் தம் கையில் கொண்டபோது, கருநாடகத்து நவாபையும், நவாபின் பின்னின்ற ஆங்கிலக் கும்பெனியாரையும் எவ்வாறு மதித்திருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும்.

நால்வகை உபாயங்கள்

சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கினையும் நம் முன்னோர் அரசர்க்குரிய உபாயங்களாக வகுத்தனர். ஹைதர் அலி இந்நான்கனையும் இரண்டே ஆண்டுகளில் கையாண்ட முறை மாணவர் ஊன்றி நோக்கத்தக்கது.

1766-ம் ஆண்டு நவம்பரில் கும்பெனியார் ஹைதராபாத்து நிஜாம் அலிகானோடு உடன்படிக்கை செய்துகொண்டனர். வடசர்க்கார் நாடுகளைத் தாம் பெற்று, அதற்கு மாறாகப் படைத்துணை அளிப்பதாக ஒப்பினர். மராட்டியப் பேஷ்வா மாதவராவும் மைசூரின்மேல் கண் வைத்திருந்தார். எனவே 1767-ம் ஆண்டின் தொடக்கத்தில் மூன்று பகைகள் ஹைதரைச் சூழ்ந்தன. முதலில் மராட்டியர் வந்தனர். ஹைதர் அவர்களோடு போரிட்டு அழியாமல், முப்பத்தைந்து இலட்சம் ரூபாய் தருவதாகப் பேசி, பாதியை உடனே கொடுத்து, மீதிக்குக் கோலாரை ஈடாக வைத்து, அவர்களைத் திருப்பியனுப்பினார். இது தானம்.

பின்னர் நிஜாம் கும்பெனிப் படைத்தலைவர் ஜோசப் ஸ்மித்தோடு சேர்ந்து மைசூரை நோக்கி வந்தார். ஹைதர் நிஜாமின் உள்ளத்தை ஆராய்ந்தார். நிஜாமுக்குக் கும்பெனியிடம் அன்பு இல்லை. பொருளின்மேல் விருப்பம் உண்டு. ஆர்க்காட்டு நவாபின் தமையனும், அவர்மேல் மனக்கசப்புடையவருமாகிய மாபூஸ்கான் இடையே தூது நடந்தார். நிஜாம் கட்சி மாறினார். இது பேதம். பகை இரண்டாயின் ஒன்றனை நட்பாக்கிக் கொள்ளவேண்டும் என்னும் கருத்தைத் திருவள்ளுவர் பகைத்திறந்தெரிதல் என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். ஹைதர் அலி எழுதப் படிக்க அறியாதவர். எனினும் அந்நூற்கருத்தைச் செயலில் அறிந்திருந்தார்.

இருவர் படையும் சேர்ந்து பாராமகால் வழியாக இறங்கின. 1767-ம் ஆண்டு செப்டம்பர் 3-ம் நாள் செங்கத்தில் முதற்போர் நிகழ்ந்தது. ஸ்மித் எதிரிகளைத் தாக்கி விலக்கினாராயினும், உணவுப்பொருள் குன்றியமையின் திருவண்ணாமலைக்குப் பின்வாங்கினார். எதிர்பார்த்த அளவு உணவு அங்கும் கிட்டவில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து உட் என்பாரின் படை வந்து சேர்ந்த பின்னர், செப்டம்பர் 26-ம் நாள் திருவண்ணாமலைப் போர் நடந்தது. தொகையில் மிகப் பெரிய கூட்டுப்படை தோற்றுப் பின்னடைந்தது.

இத்தோல்வி, பேதத்தினால் பெற்ற நட்பின் வலிமை எத்துணை என்பதைக் காட்டிவிட்டது. ஆதாயம் கருதிச் சேர்ந்த நிஜாம், ஆதாயம் இல்லையென்று கண்டவுடன் பிரிந்தார். 1768-ம் ஆண்டு பிப்ரவரியில் மசூலிப்பட்டணத்தில் கும்பெனியோடு மறுபடியும் உடன்பாடு செய்துகொண்டார். அவ்வுடன்பாட்டில் ஹைதர் ஆட்சியைக் கவர்ந்தவர் என்று குறிக்கப்பட்டார். அவர் கையிலிருந்த நாட்டின் திவானி உரிமை கும்பெனியார்க்கு வழங்கப்பட்டது. உயிரோடு ஆளும் ஒருவரின் நாட்டைப் பிறர் இருவர் ஏட்டில் பங்கிட்டுக்கொண்ட இச்செயலை, இலண்டனிலிருந்த கும்பெனி இயக்குநர்களே ஒப்பவில்லை. பகைவனோடும் நாளை பேச வேண்டியிருக்கும் என்பதை மறந்து எழுதப்பட்ட ஏடு அது.

எஞ்சியது தண்டம். 1769-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ஹைதர், ஆங்கிலப் படையை வேறிடத்திற்கு இழுத்துவிட்டு, ஏறத்தாழ ஆறாயிரம் குதிரைவீரரோடு விரைந்து சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் தோன்றினார். நகரைக் கொள்ளையிட அவர் எண்ணவில்லை, பேசவே வந்தார். ஏப்ரல் தொடக்கத்தில் சென்னை உடன்படிக்கை முடிந்தது. இருதிறத்தாரும் வென்ற இடங்களைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுப்பதென்றும், ஒருவர்மேல் பிறர் படையெடுத்தால் மற்றவர் துணைசெய்து பகைவரை நாட்டினின்றும் அகற்றுவதென்றும் எழுதப்பட்டது. தண்டத்தின் முடிவில் சாமம் பிறந்தது.

உடன்படிக்கை பெற்ற கதி

இதுவரை கூறிய வரலாறு இராசதந்திரத்தின் வெற்றியாகவே தோன்றும். மெய்யான சோதனை இதன் பின்னரே வந்தது. 1770-ம் ஆண்டு மராட்டியர் மீண்டும் மைசூருக்குள் புகுந்தனர். 1771-ம் ஆண்டு மார்ச்சு மாதம் சின்குரளி என்னுமிடத்தில் ஹைதரின் படை சிதைந்தது. அவர் உடன்படிக்கையைச் சுட்டிக்காட்டிக் கும்பெனியாரிடம் துணை வேண்டினார். துணை வரவில்லை.

ஏன் வரவில்லை? கும்பெனியார் இயல்பிலேயே வஞ்சகர் என்று கூறி முடிப்பது எளிது. அதனால் நாம் கற்பது ஒன்றுமில்லை. காரணங்களை நிதானித்துப் பார்த்தல் வேண்டும். முதலாவது, அவ்வுடன்படிக்கை அச்சத்தால் ஒப்பப்பட்டது. பரங்கிமலையில் நின்ற குதிரைகள் திரும்பிச் சென்றவுடன், கையெழுத்திட்டவர்க்கு அதனைக் காக்கும் ஊக்கமும் திரும்பிச் சென்றது. இரண்டாவது, சென்னையில் ஒரே குரல் இல்லை. ஆளுநரின் ஆலோசனைச் சபை ஒன்று எண்ணிற்று; இலண்டன் இயக்குநர்கள் வேறொன்று கட்டளையிட்டனர்; நவாப் முகம்மது அலி மராட்டியரோடு சேர்ந்து ஹைதரை அழிக்கவேண்டுமென்று தூண்டினார். 1770-ல் இங்கிலாந்து மன்னரின் பேராளராக வந்த ஸர் ஜான் லிண்ட்ஸே நவாபின் பக்கமே சாய்ந்தார். நான்கு திசையில் இழுக்கப்பட்ட சபையார் ஒன்றும் செய்யாதிருத்தலே தக்கது என்று முடிவு செய்தனர். மூன்றாவது, வாக்குக் கொடுக்கும்போதே அதனை நிறைவேற்றும் ஆற்றல் தம்மிடம் உண்டா, மராட்டியரை எதிர்க்கும் மனம் உண்டா என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை.

ஹைதர் இதனை மறக்கவில்லை. 1752-ல் நவாப் தவறிய சொல்லோடு, 1771-ல் கும்பெனியார் தவறிய சொல்லும் அவர் கணக்கில் ஏறிற்று.

சுவார்ட்ஸ் ஐயரின் தூது

1779-ம் ஆண்டு மார்ச்சு மாதம் கும்பெனியார் பிரெஞ்சுக்காரரின் மாஹியைக் கைப்பற்றினர். அத்துறைமுகம் தம் பாதுகாப்பில் உள்ளது என்று ஹைதர் முன்னரே எச்சரித்திருந்தார். அவ்வாண்டிலேயே குண்டூருக்குப் போகும் கும்பெனிப் படையொன்று அவர் நாட்டின் வழியே அவர் இசைவின்றிச் செல்ல முயன்றது. போர் நெருங்குவது கண்ட சென்னை ஆளுநர் ரம்போல்டு, ஹைதரின் கருத்தை அறிந்துவரத் தூதர் ஒருவரைத் தேடினார். அவர் தேர்ந்தெடுத்தவர், திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றிய மிஷனெரி கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயராவர். 1750-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய அவர், தமிழோடு இந்துஸ்தானியும் பாரசீகமும் மராட்டியும் கற்றவர். ஹைதரோடு மொழிபெயர்ப்பாளரின்றிப் பேச வல்லவர். கும்பெனியாரின் தூதுவர்களை இனி நம்பேன், அந்தக் கிறிஸ்தவரை அனுப்பினால் அவர் என்னை ஏய்க்கமாட்டார் என்று ஹைதர் சொன்னதாக ஒரு செய்தி வழங்கிவருகின்றது.

ஐயர் 1779-ம் ஆண்டு சூலை மாதம் புறப்பட்டு ஆகஸ்டில் சீரங்கப்பட்டணம் அடைந்தார். ஹைதர் அவரை மரியாதையோடு வரவேற்றுத் தம் அருகே அமர்த்திப் பேசினார். கும்பெனியார் தவறிய ஒவ்வொன்றையும் எடுத்துரைத்தார். மேலும் நட்பாயிருக்க விரும்பினால் தாமும் அதற்கு இசைவதாகக் கூறினார். ஐயர் தம் வழிச்செலவுக்கெனத் தரப்பட்ட பணத்தையும் தமக்கென வைத்துக்கொள்ளாமல், சென்னை அரசினரிடம் ஒப்படைத்தார். அவர்கள் ஏற்க மறுத்தபோது, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அதனை உதவும்படி வேண்டினார்.

தூதர்க்கு இன்றியமையாதனவாக அன்பும் அறிவும் ஆராய்ந்த சொல்வன்மையும் தூது என்னும் அதிகாரத்தில் கூறப்படுகின்றன. இவை மூன்றும் ஐயரிடம் இருந்தன. எனினும் அத்தூது போரைத் தடுக்கவில்லை. தூதரிடம் குறையில்லை, தூதரை அனுப்பியவரிடமே குறை இருந்தது. சபையார் அவர் கொணர்ந்த செய்தியைக் கொண்டு தம் நடையைத் திருத்திக்கொள்ளவில்லை. ஹைதரும் அதற்குள் மராட்டியரோடும் நிஜாமோடும் கூட்டணி பேசத் தொடங்கிவிட்டார். நல்ல தூதர் ஒருவர் பழைய பொய்களை ஒரு பயணத்தால் துடைத்துவிட இயலாது என்பது இதனால் தெளிவாகும்.

1780-ம் ஆண்டு சூலை மாதம் ஹைதரின் பெரும்படை செங்கக் கணவாயின் வழியே இறங்கிற்று. அதன் தொகை ஏறத்தாழ 80,000 என்பர். செப்டம்பர் 10-ம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் படை முற்றிலும் அழிந்தது. அதனினும் கொடிது நாட்டு மக்கள் பட்ட துன்பம். ஊர்கள் எரிந்தன; ஏரிகள் உடைந்தன; உழவர் ஓடினர்; பஞ்சம் வந்தது. உடன்படிக்கையில் கையெழுத்திட்டவரும் அதனை மீறியவரும் கோட்டைக்குள் இருந்தனர். அதன் விலையைச் செலுத்தியவர் கணவாயின் அடியிலிருந்த சிற்றூரார். அக்கொடிய நாட்களிலும் சுவார்ட்ஸ் ஐயரை எங்கும் தடுக்கலாகாது என்று ஹைதர் தம் படைத்தலைவர்க்குக் கட்டளையிட்டிருந்தார். ஐயர் தஞ்சையில் நெல் சேகரித்துப் பசித்தவர்க்கு உணவளித்தார். ஒருவர் காத்த வாய்மை, அரசுகளுக்கு உதவாதபோதும் ஏழைகளுக்கு உதவிற்று.

இக்காலத்து ஒப்புமை

இவ்வரலாறு பழங்கதையென்று தள்ளத்தக்கதன்று. ஆசியாவின் இரு பேரரசுகளாகிய இந்தியாவும் சீனமும் இமயத்தின் இருபுறத்தும் நிற்கின்றன. 1954-ம் ஆண்டு ஏப்ரல் 29-ம் நாள் இரண்டும் திபெத்து வாணிகத்தைப் பற்றி உடன்பாடு செய்தன. பஞ்சசீலம் என்னும் ஐந்து கொள்கைகள் அதன் முகவுரையில் இடம் பெற்றன. வணிகரும் யாத்திரிகரும் செல்லும் கணவாய்கள் அதில் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டன. எல்லை எது என்னும் வினாவோ பேசப்படாது விடப்பட்டது. எட்டாண்டுக் காலம் முடிந்து 1962-ல் அவ்வுடன்பாடு காலாவதியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. அதன்பின் 1976 வரையில் இருநாட்டுத் தலைநகரங்களிலும் முழுத்தூதர் இலர்.

1988-ல் பிரதமர் இராஜீவ் காந்தி பீக்கிங் சென்ற பின்னர், எல்லை வினா தீரும் வரையில் காத்திராமல், எல்லையில் அமைதியை மட்டும் முதலில் காப்போம் என்னும் முறை தோன்றிற்று. 1993-ம் ஆண்டு உடன்பாடும், கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து 2 கிலோமீட்டருக்குள் துப்பாக்கி சுடலாகாது என்று விதித்த 1996-ம் ஆண்டு உடன்பாடும் அம்முறையின் பயன்கள். நெடுங்காலம் அவை பெரும்பாலும் காக்கப்பட்டன. 2019-ம் ஆண்டு அக்டோபரில் இருநாட்டுத் தலைவரும் நம் மாமல்லபுரத்துச் சிற்பங்களிடையே உலாவினர். எட்டுத் திங்களுக்குப்பின், 2020-ம் ஆண்டு சூன் 15-ம் நாள் இரவு, கல்வான் பள்ளத்தாக்கில் கைகலப்பு நேர்ந்து இந்திய வீரர் 20 பேர் உயிர் துறந்தனர். அவருள் ஒருவர் தமிழ்நாட்டினர். சீனரும் தம் வீரர் நால்வர் இறந்தனர் என்று பின்னர் அறிவித்தனர். தலைவர்களின் உலாவோ விருந்தோ எல்லைக் காவலின் அன்றாட ஒழுங்கிற்கு ஈடாகாது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

ஆயினும் 1771-க்குப்பின் நிகழ்ந்ததற்கும் 2020-க்குப்பின் நிகழ்ந்ததற்கும் ஒரு வேற்றுமை உண்டு. இம்முறை பேச்சு அறுபடவில்லை. இருபுறத்துப் படைத்தலைவர்களும் 2024-ம் ஆண்டின் தொடக்கத்திற்குள் இருபத்தொரு முறை எல்லையில் கூடிப் பேசினர். அவ்வாண்டு அக்டோபரில் சுற்றுக்காவல் பற்றிய இசைவு அறிவிக்கப்பட்டது. 2020 முதல் நின்றுபோயிருந்த கயிலை யாத்திரை 2025-ல் மீண்டும் தொடங்கிற்று. எல்லை வினா தீரவில்லை. நம்பிக்கை முழுதும் திரும்பிற்று என்றும் கூறுவதற்கில்லை. ஆயினும் கயிலையை எண்ணி வாழ்ந்த யாத்திரிகன் ஒருவனுக்கு வழி திறந்தது சிறு பயனன்று.

கற்கத்தக்கவை

இவற்றால் நாம் அறியத்தக்கன மூன்று. ஒன்று: நிறைவேற்ற இயலாத வாக்கினைக் கொடுத்தலினும், கொடுக்காமல் விடுதலே நன்று. கொடாத வாக்கு ஏமாற்றம் தரும். கொடுத்துத் தவறிய வாக்குப் பகை தரும். இரண்டு: ஒரு நாடு அயலாரோடு ஒரே குரலில் பேசவேண்டும். உள்ளே நால்வர் நான்கு விதமாக விரும்பினால், வெளியே அது வஞ்சகமாகவே தோன்றும். மூன்று: பகை இருக்கும்போதே தூதின் வழியைத் திறந்து வைத்தல் வேண்டும். போர் நெருங்கிய பின்னர்த் தேடி அனுப்பும் தூதர், சுவார்ட்ஸ் ஐயரைப் போன்ற சான்றோரேயாயினும், காலங்கடந்தவரே யாவர்.

செங்கக் கணவாயின் மேற்புறத்துத் தகடூரை ஆண்ட அதியமானுக்காக ஒளவையார் காஞ்சித் தொண்டைமானிடம் தூது சென்ற செய்தியைப் புறநானூறு உணர்த்துகின்றது. தொண்டைமான் தன் படைக்கலங்களை அணிசெய்து காட்ட, ஒளவையார் அவை பளபளப்பதைப் புகழ்வது போலவே, அதியமானின் கருவிகள் போரில் பழகித் தேய்ந்தவை என்பதை உணர்த்தினார். உள்ளதை உள்ளவாறு, கேட்போர் சினங்கொள்ளாவாறு கூறுதலே தூதின் கலை. அக்கலை நம் மொழிக்குப் புதியதன்று.

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை அயல்நாட்டுத் துறையிலும், சிலர் படையிலும், சிலர் பத்திரிகையிலும் பணிபுரியக் கூடும். அயல்நாட்டைப் பற்றிச் சினமூட்டும் சொல் ஒன்றை எழுதுவதும் பேசுவதும் எளிது. கைதட்டலும் விரைவில் கிட்டும். அவ்வேளையில், எல்லையின் அடியில் வாழும் சிற்றூராரை ஒருகணம் நினையுங்கள். கொடுத்த சொல்லைக் காப்பதும், காக்கக்கூடிய சொல்லையே கொடுப்பதும் தனிமனிதனுக்கு மட்டும் உரிய ஒழுக்கங்கள் என்று கொள்ளாதீர்கள். நாடுகள் அடுத்தடுத்து வாழ்வதற்கும் அவையே வழியாகும்.